சிபி3 என்று ஓர் ஏற்பி உண்டா? கஞ்சா மூலக்கூறுகள் போய் ஒட்டும் மற்ற இடங்கள்

கேள்வி: பி.ஃபார்ம் படித்தபோது கஞ்சா மூலக்கூறுகளுக்கு உடலில் சிபி1, சிபி2 என்று இரண்டே ஏற்பிகள், அதாவது அவை போய் ஒட்டும் புரதங்கள், என்று படித்தேன். இப்போது ஜிபிஆர்55-தான் மூன்றாவது, அதாவது சிபி3 என்று எழுதுகிறார்கள். ஜிபிஆர்18, ஜிபிஆர்119 என்றும் பெயர்கள் வருகின்றன. இவை உண்மையிலேயே கஞ்சா ஏற்பிகளா? எந்தெந்த நோயோடு தொடர்பு? கேட்கக் காரணம், என் அக்கா மகனுக்கு வலிப்பு. கஞ்சாச் செடியில் இருக்கும், போதை தராத மூலக்கூறான சிபிடி கலந்த எண்ணெயை வாங்கிக் கொடுக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது.

பதில்:

உங்கள் கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்குள் எதையும் வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம் என்று மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் இருக்கிறது. சிபி3 என்று அதிகாரபூர்வமாக எந்த ஏற்பியும் இல்லை. 2010-இல் ராஜர் பெர்ட்வீ உள்ளிட்ட சர்வதேச வல்லுநர் குழு ஒன்று இதற்காகவே உட்கார்ந்து, இருக்கிற ஆதாரங்களையெல்லாம் அலசி, அந்தப் பெயரைக் கொடுக்கும் அளவுக்கு எந்த ஏற்பியும் தேறவில்லை என்று எழுதியது. ஆனால் கஞ்சா மூலக்கூறுகளும், அவற்றைப் போல நம் உடலே தயாரிக்கும் கொழுப்பு மூலக்கூறுகளும் சிபி1, சிபி2-ஐத் தாண்டிப் பல இடங்களில் போய் ஒட்டுகின்றன என்பதில் சந்தேகமே இல்லை. என்னைக் கேட்டால், அவற்றைக் 'கஞ்சா ஏற்பி' என்று கூப்பிடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் உடலில் சொந்த வேலை இருக்கிறது, சொந்தக் கொழுப்பு மூலக்கூறும் இருக்கிறது. கஞ்சாச் செடியிலிருந்து வருவது அந்த வேலைக்குள் நுழையும் வெளியாள். அந்தச் சொந்த வேலை என்ன என்று பார்த்தால்தான் நோயோடு உள்ள தொடர்பு புரியும்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1964-இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெகியெல் கவோனியும் கஞ்சாவின் போதைப் பொருளான டிஎச்சியின் அமைப்பைக் கண்டறிந்தார்கள். அது மூளையில் எங்கே ஒட்டுகிறது என்று தெரிய இன்னும் 24 வருடம் ஆனது. 1988-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஆலின் ஹவ்லெட்டும் அவருடைய மாணவர் வில்லியம் டெவேனும் அந்த இடம் இருப்பதைக் காட்டினார்கள். 1990-இல் லிசா மட்சுடா குழு சிபி1-இன் மரபணுவைப் பிரித்தெடுத்தது, 1993-இல் கேம்பிரிட்ஜில் சிபி2. நடுவில் 1992-இல் நம் மூளையே தயாரிக்கும் மூலக்கூறு ஒன்று கிடைத்தது. அதற்கு 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்து அனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். பத்து வருடம் கழித்து இன்னொன்று வந்தது. அனந்தமைடில் உள்ள அதே இரண்டு துண்டுகள், ஆனால் இணைப்பு எதிர்ப்புறமாக. அதற்கு 'விரோதம்' என்பதிலிருந்து விரோதமைன் என்று பெயர். வகுப்பில் இந்த இரண்டு பெயர்களையும் சொன்னால் நம் பிள்ளைகளுக்கு மறக்கவே மறக்காது.

இரண்டு ஏற்பிகளோடு கதை முடியாது என்பது 1999-லேயே தெரிந்துவிட்டது. ஜார்ஜ் குனோஸின் குழு, சிபி1, சிபி2 இரண்டுமே இல்லாதபடி மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளை எடுத்துக்கொண்டு, குடலுக்குப் போகும் ரத்தக்குழாயில் சிபிடியின் செயற்கை உறவினர் ஒன்றைச் செலுத்தியது. ஏற்பிகள் இல்லாததால் ஒன்றும் நடந்திருக்கக் கூடாது. ஆனால் குழாய் விரிந்தது. அதே வருடம் ஸ்வீடனின் லுண்ட் நகரில் இன்னொரு குழு, அனந்தமைடும் ரத்தக்குழாயை விரிக்கிறது என்றும், அந்த விரிவு சிபி1 வழியாக வரவில்லை என்றும் காட்டியது. லுண்ட் குழு சொன்ன ஏற்பி நம் சமையலறைக்கு ரொம்ப வேண்டப்பட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது ஜிபிஆர்55. இதுவும் 1999-இல்தான் டொராண்டோவில் கிடைத்தது. அப்போது இது ஓர் 'அனாதை ஏற்பி'. மரபணு தெரியும், புரதம் தெரியும், எந்த மூலக்கூறு வந்து ஒட்டுகிறது என்று தெரியாது. 319 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் இது. சிபி1, சிபி2-ஓடு ஒப்பிட்டால் சுமார் 14 சதவீதம்தான் ஒத்துப்போகிறது. அண்ணன் தம்பி என்று சொல்ல முடியாது, ஒரே ஊர்க்காரர் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

2007-இல் இரண்டு ஆய்வுகள் வந்தன, இரண்டும் இரண்டு விதமாகச் சொன்னன. ஆஸ்ட்ராஜெனிகா நிறுவனத்தின் ஆய்வாளர்கள், டிஎச்சியும் அனந்தமைடும் மிகக் குறைந்த அளவிலேயே ஜிபிஆர்55-ஐத் தூண்டுகின்றன, சிபிடி அதைத் தடுக்கிறது என்றார்கள். 'மூன்றாவது ஏற்பி' என்ற பேச்சு பெரும்பாலும் இங்கிருந்து கிளம்பியதுதான். ஜப்பானில் ஓகா, சுகியுரா குழு அதே வருடம், கஞ்சா மூலக்கூறுகள் இதை அசைக்கவே இல்லை, இதன் உண்மையான ஜோடி லைசோபாஸ்படிடைல்இனோசிட்டால் என்றது. சுருக்கமாக எல்பிஐ. செல்லின் சவ்வில் உள்ள கொழுப்பிலிருந்து ஒரு வாலை நறுக்கினால் கிடைப்பது.

இந்த எல்பிஐ சோதனை நேரில் பார்க்க வேண்டிய ஒன்று. கால்சியம் ஏறினால் ஒளிரும் சாயத்தைச் செல்களில் ஏற்றி, இருட்டறையில் நுண்ணோக்கிக்கு அடியில் வைப்போம். முதலில் மங்கலான சாம்பல் வட்டங்கள்தான் தெரியும். எல்பிஐ கலந்த கரைசலை மெதுவாக விட்டால் சில நொடிகளில் ஓரத்தில் ஒரு செல் பளிச்சென்று ஒளிரும், பிறகு அதன் பக்கத்துச் செல், பிறகு நடுவில் நாலைந்து. அணைந்துபோய் மறுபடி ஒளிரும். ஒவ்வொரு செல்லும் அதனதன் தாளத்தில் மின்னும். பக்கத்துக் கிண்ணத்தில் ஜிபிஆர்55 இல்லாத அதே வகைச் செல்கள் சாம்பலாகவே கிடக்கும். அந்த இரண்டு கிண்ணங்களையும் பார்த்துவிட்டால் எல்பிஐக்கும் ஜிபிஆர்55-க்கும் உள்ள உறவில் சந்தேகம் வராது.

அப்புறம் ஏன் கஞ்சா மூலக்கூறுகளில் மட்டும் இத்தனை முரண்பாடு? ஒரு காரணம், ஒவ்வொரு ஆய்வகமும் வேறு வேறு செல்லில், வேறு வேறு அளவுகோலில் பார்த்தது. இன்னொரு காரணத்தை நான் கைப்பட அனுபவித்திருக்கிறேன். இந்த மூலக்கூறுகள் எண்ணெய் போல. பிளாஸ்டிக்கைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் ஒரு முறை ஒரு வாரம் முழுக்க நீர்த்துப் போன கரைசலை வைத்துக்கொண்டு 'பலன் இல்லை' என்று குறித்துக்கொண்டிருந்தோம். மருந்தில் பாதிக்கு மேல் குழாயின் சுவரிலேயே தங்கிவிட்டது. கண்ணாடிக் குப்பிக்கு மாறியதும் எண்கள் மாறின.

ஆனாலும் ஒரு விஷயத்தில் பல ஆய்வகங்கள் ஒத்துப்போகின்றன. எல்பிஐ ஜிபிஆர்55-ஐ முடுக்குகிறது, சிபிடி அதைத் தடுக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள். சிபி1 நரம்பணுவை அடக்கும் பக்கம் வேலை செய்வது. ஜிபிஆர்55 செல்லுக்குள் கால்சியத்தை ஏற்றி உசுப்பிவிடும் பக்கம். ஒன்றுக்கொன்று நேர் எதிர். சிபி3 என்ற பெயர் பொருந்தாது என்று நான் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

இந்த உசுப்பும் வேலை எலும்பில் நன்றாகத் தெரிகிறது. நம் எலும்பை ஒரு வகைச் செல் கட்டிக்கொண்டே இருக்கும், இன்னொரு வகை அரித்துக்கொண்டே இருக்கும். அரிக்கும் செல்லை ஒரு சிறு எலும்புத் துண்டின் மேல் வளர்த்தால் அது தோண்டிய பள்ளங்களை எண்ணிப் பார்க்கலாம். 2009-இல் அபர்டீன் பல்கலைக்கழகக் குழு அதைத்தான் செய்தது. எல்பிஐ கொடுத்தால் அரிப்பு கூடியது, சிபிடி கொடுத்தால் குறைந்தது. ஜிபிஆர்55 இல்லாத ஆண் சுண்டெலிகளில் எலும்பின் உள்ளே இருக்கும் கடற்பஞ்சு போன்ற பகுதி அடர்த்தியாக இருந்தது. இதை வைத்து எலும்புத் தேய்மானத்துக்கு சிபிடி நல்லது என்று விளம்பரம் செய்பவர்கள் உண்டு. சுண்டெலியிலிருந்து அங்கே தாவுவதற்கு யாருக்கும் உரிமை கிடையாது.

புற்றுநோயிலும் இதே கதை. சில புற்றுக்கட்டிகள் எல்பிஐயைத் தாமே சுரந்து, தம் மேல் இருக்கும் ஜிபிஆர்55-ஐத் தாமே தூண்டிக்கொண்டு வளர்கின்றன. 2018-இல் லண்டனைச் சேர்ந்த ஓர் ஆய்வுக் குழு, கணையப் புற்றுநோய் வரும்படி மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளுக்கு ஜெம்சிடபின் என்ற வழக்கமான மருந்தோடு சிபிடியையும் சேர்த்துக் கொடுத்தது. எதுவும் கொடுக்காதவற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு காலம் அவை உயிரோடிருந்தன. கணையப் புற்றுநோய் எவ்வளவு கொடியது என்று தெரிந்தவர்களுக்கு இது ஏன் ஆர்வத்தைத் தூண்டியது என்று புரியும். ஆனால் இதுவும் சுண்டெலிதான். கீமோவை நிறுத்திவிட்டு எண்ணெய் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

லுண்ட் குழு சொன்ன ஏற்பிக்கு வருகிறேன். பச்சை மிளகாய் நறுக்கிய கையோடு கண்ணைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கண்ணில் நெருப்பு வைத்தது போல இருக்கும். அங்கே உண்மையில் சூடு எதுவும் இல்லை. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் திறக்கும் ஒரு வாய்க்கால் நம் வலி நரம்புகளின் நுனியில் இருக்கிறது. மிளகாயின் காப்சைசின் அதே வாய்க்காலைச் சூடில்லாமலே திறந்துவிடுகிறது. அதனால்தான் நாம் காரத்தை 'எரியுது' என்கிறோம், அது அப்படியே சரியான சொல். இந்த வாய்க்கால்தான் டிஆர்பிவி1. 1997-இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் கண்டறிந்தது, 2021-இல் அவருக்கும் ஆர்டெம் படாபூடியனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பறவைகளின் டிஆர்பிவி1-இல் காப்சைசின் வேலை செய்யாது. கிளி மிளகாயைக் கொத்தித் தின்பதைப் பார்த்திருப்பீர்களே, அதற்குக் காரணம் இதுதான்.

அனந்தமைடு இந்த வாய்க்காலையும் திறக்கிறது, சிபிடியும் திறக்கிறது. ஆனந்தத்தின் பெயர் கொண்ட மூலக்கூறு எரிச்சல் ஏற்பியைத் திறப்பது முதலில் விசித்திரமாகத் தோன்றும். ஆனால் திரும்பத் திரும்பத் திறக்கப்படும் வாய்க்கால் களைத்துப்போய் மரத்துவிடும். காரம் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு உறைக்காமல் போவது அப்படித்தான். இதையே மருத்துவத்தில் பயன்படுத்துகிறார்கள். அக்கி வந்து போனபின் மாதக்கணக்கில் நிற்காத நரம்பு வலிக்கு 8 சதவீதம் காப்சைசின் உள்ள, தோலில் ஒட்டும் பட்டை ஒன்று 2009 முதல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றிருக்கிறது. மருத்துவமனையில் ஒரு மணி நேரம் ஒட்டி எடுப்பார்கள், நிவாரணம் மூன்று மாதம் வரை நீடிக்கலாம்.

சரி, வலி வாய்க்காலை நேரடியாக அடைத்துவிட்டால் என்ன என்று பெரிய நிறுவனங்கள் கேட்டன. ஏஎம்ஜி517 என்ற மருந்தைப் பல் பிடுங்கியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிலருக்கு உடல் சூடு 40 டிகிரிக்கு மேல் ஏறியது. உடல் வெப்பத்தைச் சமன் செய்வதும் இந்த வாய்க்காலின் சொந்த வேலைகளில் ஒன்று என்று அப்போதுதான் மனிதர்களில் தெளிவாகத் தெரிந்தது. இதே வகையைச் சேர்ந்த வேறு மருந்துகளில் சுடுதண்ணீரின் சூடே உறைக்காமல் போகும் அபாயம் வந்தது.

இன்னொரு விஷயம், எனக்கு ரொம்பப் பிடித்தது. வீட்டில் எல்லோரும் போடும் பாராசிட்டமால் எப்படி வலியைக் குறைக்கிறது என்பது நூறு வருடத்துக்கு மேல் புரியாமல் இருந்தது. 2005-இல் அதே லுண்ட் குழு ஒரு வழியைக் காட்டியது. கல்லீரல் அந்த மாத்திரையிலிருந்து ஒரு துண்டை வெட்டுகிறது. மீதி மூளைக்குப் போகிறது. அங்கே, வழக்கமாக அனந்தமைடை உடைக்கும் நொதியே இந்தத் துண்டோடு ஒரு கொழுப்பமிலத்தை ஒட்டி ஏஎம்404 என்ற மூலக்கூறை உண்டாக்குகிறது. அது டிஆர்பிவி1-ஐத் தூண்டுகிறது. டிஆர்பிவி1 இல்லாத சுண்டெலிகளிடம் பாராசிட்டமாலின் வலி நிவாரணம் எடுபடவில்லை. அதாவது காய்ச்சலுக்குப் போடும் அந்தச் சாதாரண மாத்திரையும் நீங்கள் கேட்கும் இந்த உலகத்துக்குள் வந்து போகிறது.

ஜிபிஆர்119-ஐ கஞ்சா ஏற்பிப் பட்டியலில் சேர்ப்பதே எனக்கு ஒப்புதல் இல்லை. டிஎச்சி இங்கே பொருட்டே இல்லை. ஆனால் சர்க்கரை நோய் நிறைந்த நம் ஊரில் இது தெரிந்திருக்க வேண்டிய ஏற்பி. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களிலும், சிறுகுடலில் ஜிஎல்பி-1 என்ற, பசியையும் சர்க்கரையையும் குறைக்கும் ஹார்மோனைச் சுரக்கும் செல்களிலும் இருக்கிறது. கடலை எண்ணெயில் ஒலியிக் அமிலம் அதிகம். அது குடலில் செரிக்கும்போது கிடைக்கும் துண்டு ஒன்றும், குடலே தயாரிக்கும் ஓஇஏ என்ற அனந்தமைடின் உறவினரும் இதைத் தூண்டுகின்றன. 'கொழுப்பு வந்து சேர்ந்துவிட்டது, சாப்பிட்டது போதும்' என்ற செய்தி கிளம்ப இது ஒரு வழி. பெரிய இரையை விழுங்கிய பர்மிய மலைப்பாம்பின் குடலில் ஓஇஏ பல மடங்கு ஏறுவதைப் பார்த்திருக்கிறார்கள். இதைத் தூண்டும் மாத்திரைகள் 2010-ஐ ஒட்டி மனிதர்களிடம் சோதிக்கப்பட்டன. எலியில் அருமையாக வேலை செய்தவை சர்க்கரை நோயாளிகளிடம் போதிய பலன் தரவில்லை. இன்று ஜிஎல்பி-1 ஊசிகள் உலகையே கலக்கும்போது இந்த ஏற்பியை நினைப்பவர்கள் குறைவு.

ஓஇஏவின் பசியடக்கும் வேலையில் பெரும்பங்கு வேறோர் ஏற்பி வழியாக நடக்கிறது. அது பிபிஏஆர்-ஆல்ஃபா. இது செல்லின் மேல்சவ்வில் இல்லை, உள்ளே இருந்தபடி மரபணுக்களை இயக்கும் வகை. ஃபார்மசி படித்த உங்களுக்கு ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஃபீனோஃபைப்ரேட் தெரியும், அதன் இலக்கு இதுதான். இதன் தம்பி பிபிஏஆர்-காமா, சர்க்கரை நோய் மாத்திரையான பயோகிளிட்டசோனின் இலக்கு. டிஎச்சி அந்தத் தம்பியைத் தூண்டுகிறது என்பது 2005 முதல் தெரியும். அண்ணனுக்கு நம் உடல் தயாரிக்கும் இன்னொரு ஜோடி பிஇஏ. இதன் கதை முட்டையில் தொடங்குகிறது. 1940-களில் நியூயார்க்கில் ஏழைக் குழந்தைகளுக்கு மூட்டுக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தது. முட்டை மஞ்சள் கரு கொடுத்தவர்களுக்கு அது குறைகிறது என்று ஆல்வின் கோபர்ன் கவனித்தார். 1957-இல் மஞ்சள் கரு, சோயா, நிலக்கடலை மூன்றிலிருந்தும் அழற்சியைத் தணிக்கும் பிஇஏவைப் பிரித்தெடுத்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்ற தேடலை 1990-களில் மறுபடி எழுப்பியவர் நோபல் பரிசு பெற்ற ரீட்டா லெவி-மொன்டால்சினி. அது பிபிஏஆர்-ஆல்ஃபா வழியாகத்தான் என்பது 2005-இல் தெரிந்தது. போதை இல்லை, சட்டச் சிக்கலும் இல்லை. இந்தக் குடும்பத்தில் எனக்கு அதிக நம்பிக்கை தரும் மூலக்கூறுகளில் இதுவும் ஒன்று.

ஜிபிஆர்18 பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதன் ஜோடி எது என்பதிலேயே ஆய்வகங்களுக்கு இன்னும் சண்டை. ஆனால் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்தவர்களுக்குப் பயன்படும். கண் அழுத்த நோய்க்கு, அதாவது கிளாகோமாவுக்கு, கஞ்சா நல்லது என்ற பேச்சு 1970-களிலிருந்து இருக்கிறது. 2018-இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் சுண்டெலிகளின் கண்ணில் சொட்டு விட்டுப் பார்த்தார்கள். டிஎச்சி, சிபி1-உம் ஜிபிஆர்18-உம் சேர்ந்த வழியில் அழுத்தத்தைக் குறைத்தது. சிபிடியோ அழுத்தத்தை 18 சதவீதம் ஏற்றியது. கிளாகோமா உள்ளவர் யாராவது சிபிடி எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தால் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள்.

'ஏன் இந்தச் சின்னச் சின்ன ஏற்பிகளின் பின்னால் போகிறார்கள், சிபி1-ஐயே பிடித்திருக்கலாமே' என்று என் மாணவர்கள் கேட்பார்கள். பிடித்தார்கள். ரிமோனபான்ட் என்ற சிபி1 தடுப்பான் 2006-இல் ஐரோப்பாவில் எடை குறைக்கும் மருந்தாக வந்தது. எடை குறைந்தது. கூடவே மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்தன. 2008-இல் விற்பனையை நிறுத்தினார்கள். சிபி1 மூளை முழுக்கப் பரவிக் கிடக்கிறது, ஓரிடத்தில் கை வைத்தால் எல்லா இடமும் அசையும். குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் இருக்கும் ஏற்பியைத் தேடுவது அதனால்தான்.

இப்போது உங்கள் அக்கா மகன்.

சிபிடி வலிப்புக்குப் பயன்படுகிறது என்பது வதந்தி அல்ல. ட்ராவே நோய்க்குறி என்ற கடுமையான குழந்தைப் பருவ வலிப்பு உண்டு. பெரும்பாலும் முதல் வயதுக்குள், காய்ச்சலோடு தொடங்கும். எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவில் கோளாறு. மூளையில் மற்ற நரம்பணுக்களை அடக்கி வைக்கும் நரம்பணுக்கள் இதனால் சரியாக வேலை செய்யாது. 2017-இல் ஆரின் டெவின்ஸ்கி குழு இந்த நோயுள்ள 120 பேரிடம் சோதனை நடத்தியது. சிபிடி எடுத்தவர்களுக்கு மாதத்துக்குச் சராசரியாக 12-க்கு மேல் இருந்த வலிப்புகள் 6 அளவுக்குக் குறைந்தன. வெற்று மருந்து எடுத்தவர்களிடம் ஏறக்குறைய மாற்றமே இல்லை. 2018 ஜூனில் எபிடியோலெக்ஸ் என்ற பெயரில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. முதலில் ட்ராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்ற இன்னொரு கடுமையான வலிப்பு இரண்டுக்கும், பிறகு 2020-இல் டியூபரஸ் ஸ்கிளெரோசிஸ் என்ற மரபணு நோயில் வரும் வலிப்புக்கும்.

அது வேலை செய்யும் வழிகளில் ஒன்றில் ஜிபிஆர்55 இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் சியனின் குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் நரம்பணுக்கள் பரபரப்பாகும்போது எல்பிஐ உருவாகிறது. அது ஜிபிஆர்55-ஐத் தூண்டி, உசுப்பும் செய்தியைக் கூட்டுகிறது, அடக்கும் செய்தியை வலுவிழக்கச் செய்கிறது. ஒரு வலிப்பு வந்தபின் எல்பிஐயும் கூடுகிறது, ஜிபிஆர்55-உம் கூடுகிறது. அதாவது ஒரு வலிப்பு அடுத்த வலிப்புக்கு வழி செய்து வைத்துவிட்டுப் போகிறது. சிபிடி அந்தச் சுற்றை ஜிபிஆர்55-இல் வெட்டுகிறது. எலும்பிலும் புற்றுக்கட்டியிலும் பார்த்த அதே ஜோடி, அதே தடுப்பு. சிபிடி சிபி1-இல் அவ்வளவாக ஒட்டாமலே, போதை தராமலே எப்படி வலிப்பை அடக்குகிறது என்ற நீண்ட நாள் கேள்விக்கு இதுவரை வந்ததில் நல்ல பதில் இதுதான் என்பது என் எண்ணம்.

ஆனால் மேலே சொன்னது சுத்திகரித்த மருந்து. எடைக்குக் கணக்குப் போட்டு, அந்தச் சோதனையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். 15 கிலோ குழந்தைக்கு அது 300 மில்லிகிராம். இணையத்தில் விற்கும் எண்ணெயில் என்ன இருக்கிறது? 2017-இல் அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருட்களைச் சோதித்தபோது 26-இல் மட்டும்தான் சீட்டில் போட்ட அளவு சரியாக இருந்தது. 18-இல் டிஎச்சி இருந்தது. வளரும் மூளைக்கு டிஎச்சி வேண்டாத வேலை. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவின் பூக்கும் தலைப்பகுதியையும் பிசினையும் தடை செய்கிறது, தனியாக இருக்கும் இலையையும் விதையையும் அந்த விளக்கத்திலிருந்து விட்டுவிடுகிறது. அந்தச் சந்தில்தான் 'இலையிலிருந்து எடுத்தது' என்று பாட்டில்கள் வருகின்றன.

இன்னொன்று, இதை அக்காவிடம் அழுத்திச் சொல்லுங்கள். பையன் குளோபசாம் சாப்பிடுகிறானா? நம் ஊரில் வலிப்புக்கு நிறையப் பேருக்கு எழுதப்படும் மாத்திரை. குளோபசாமிலிருந்து உடலில் உண்டாகும் துண்டை உடைக்கும் கல்லீரல் நொதியை சிபிடி தடுக்கும், அதனால் அந்தத் துண்டு ரத்தத்தில் பல மடங்கு ஏறும். குழந்தை நாள் முழுக்கத் தூங்கி வழியும். வால்புரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறான் என்றால் ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் ஏறும் அபாயம் கூடும், ரத்தப் பரிசோதனை இல்லாமல் தொடவே கூடாது. எண்ணெய் கொடுத்ததும் 'நல்லா இருக்கு' என்று நினைத்து, இருக்கிற மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. நிற்காத வலிப்பு அப்படித்தான் வரும்.

அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்போது பையன் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள். வலிப்பு வரும்போது கைபேசியில் எடுத்த காணொளி இருந்தால் அதையும். முதல் வலிப்பு எந்த வயதில், காய்ச்சலோடு வந்ததா என்பதை எழுதி வையுங்கள். இது எந்த வகை வலிப்பு, எஸ்சிஎன்1ஏ பரிசோதனை செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். மருத்துவர் சொன்ன வகையின் பெயரை எனக்கு எழுதுங்கள், அதற்கு சிபிடியில் மனித ஆதாரம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்கிறேன்.